முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா

எனக்கு முப்பத்திரண்டு வயது. நான் ஓய்வு பெற்றவன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எல்லாவற்றிலும் கடைசியாக வந்த எனக்கு ஓய்வில் மட்டும் முதலிடம் கிடைத்திருக்கிறது. என் அப்பா அறுபது வயதுவரை உழைத்து வாங்கியதை நான் பாதி வயதில் வாங்கிவிட்டேன்.

பனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். ஜொகூரில். இதற்கும் சிரிப்பார்கள். உலு திராமில் என் பக்கத்து வீட்டுக்காரர், நான் ஏதோ ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டி தூக்குகிறேன் என்றே கடைசிவரை நம்பினார். நானும் திருத்தவில்லை. வெளியே வெயிலில் தார் உருகும் ஊரில், ஒரு பேரங்காடிக்குப் பின்னால் சன்னல் இல்லாத பெரிய கொட்டகை கட்டி, அதற்குள் இயந்திரத்தால் பனி பெய்ய வைத்து, பிள்ளைகள் சறுக்கி விளையாட விடுவார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள். இப்போது லாபிஸ் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறேன். அது வேலையில் சேராது. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குகிறேன், கூடவே லாரியும் போகிறது.

போன வாரம் ஒரு பையன் குரல் செய்தி அனுப்பினான். வடக்கே புதிதாகத் திறக்கப்போகிற ஒரு பனிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறானாம். "அண்ணே, எங்க பாஸ் சின்ன டிராக்டர் ஒண்ணு வாங்கிட்டாரு. அதுக்கு ஸ்னோபுளோவர் மாட்டணும்ங்கிறாரு. முன்னாடி மாட்டுறதா, பின்னாடி மாட்டுறதாண்ணே? நீங்கதான் சீனியர்னு எல்லாரும் சொல்றாங்க."

சீனியர் என்று கேட்டதும் எனக்குக் காது குளிர்ந்தது. ஆனால் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதே கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லி, இரண்டு தடவையும் தப்பாகச் சொல்லி, ஒரு மனுசனைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். அவர் பெயர் சேகர். அதனால் நீளமாகவே எழுதிவிடுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் என் வாத்தியாரைத் திட்டுங்கள், அவருக்குப் பழக்கம்தான்.

வேலை பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுந்தேன், எழுந்தேன், சளி பிடித்தது, சளி விட்டது. பனியில் கால் வைக்கத் தெரிந்துகொண்டேன். பனி பார்க்கத்தான் பஞ்சு. பிள்ளைகள் நாள் முழுக்க மிதித்தால் மாலையில் அது சிமெண்டு. அந்தச் சிமெண்டை வெட்டி, பொடியாக்கி, கீழே இறங்கியதை மறுபடி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். காலை ஆறரைக்கு உள்ளே போனால் பத்து மணிக்குக் கூட்டம் வருவதற்குள் முடிக்க வேண்டும். இதுதான் வேலை.

எங்கள் மேலாளர் ஜமிலா அக்கா. மெர்சிங்கில் மீன் குளிர்கிடங்கில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். முக்காட்டுக்கு மேல் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் ஜாக்கெட் தொப்பி, கண்ணாடி, இவ்வளவுக்கும் நடுவில் கொஞ்சூண்டு முகம். குரலை உயர்த்தவே மாட்டார். நான் எவ்வளவு சீண்டினாலும், "முடிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார். அதுதான் அவரிடம் பயங்கரம். கத்துகிற மேலாளரைச் சமாளித்துவிடலாம்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, வாசல் பலகையில் எங்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மரச்சீட்டு தொங்கும். உள்ளே போகும்போது திருப்பிப் போட வேண்டும், வெளியே வந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். இரண்டாவது, கூடத்தின் இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. முன்பக்கம் ஆட்கள் போகும் கதவு, பின்பக்கம் சாமான் இறக்கும் பெரிய இரும்புக் கதவு. இரண்டும் திறந்தால் ஜொகூரின் ஈரக் காற்று உள்ளே பாய்ந்து கூடமே மூடுபனி ஆகிவிடும், பனி கண்ணாடி போல இறுகிவிடும். அதே காரணத்தால்தான் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் விசிறியையும் கூட்டம் வரும்போது மட்டுமே போடுவோம். காலையில் நாங்கள் வேலை செய்யும்போது அது ஓடாது. அக்காவின் உத்தரவு. பனிக்கு நல்லது.

முதலில் எங்களிடம் இருந்தது கோல்ஃப் மைதானம் ஒன்று கழித்துவிட்ட சின்ன டிராக்டர். பெட்ரோல் வண்டி. முன்னால் வாளி மாட்டி அரை மணி நேரம் தள்ளுவோம், மிச்சத்துக்கு மண்வெட்டி. சேகர் அண்ணன்தான் ஓட்டுநர். முப்பத்தெட்டு வயது, லாபிஸ்காரர், புல் தரையில் நடந்தால் புல்லிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். கூட்டம் அதிகமானதும் வாளி பத்தவில்லை. அக்கா ஸ்னோபுளோவர் வாங்கச் சொன்னார். முன்பக்கம் ஒரு திருகு உருளை பனியைக் கடித்து உள்ளே இழுக்கும், அதற்குப் பின்னால் ஒரு விசிறி அதைக் கழுத்து வழியாகத் தூரத்தில் துப்பும். அதனால் அதற்குத் துப்பி என்று பெயர் வைத்தேன். என் பதினோரு வருடத்தில் கம்பெனி எழுதி வைத்துக்கொண்ட ஒரே சாதனை அது.

துப்பியை ஏற்பாடு செய்தவர் பட்டறை முதலாளி ஆ ஹெங், எங்களுக்குத் தவுக்கே. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீனர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். பட்டறையில் அக்கா வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு கேள்வியாக எழுதினார். சக்கரத்திலிருந்து சக்கரத்துக்கு எவ்வளவு அகலம், அதைவிட உருளை ஒரு சாண் அகலமாக இருக்குமா, இல்லாவிட்டால் வெட்டாத பனிமேல் சக்கரம் ஏறும். இந்தக் குதிரைச் சக்திக்கு அந்த அகலத்தைச் சுழற்ற முடியுமா. கழுத்தைத் திருப்புவது கைப்பிடியா, கம்பியா. துப்பினால் கூரை விளக்கில் படுமா. உருளையில் கல் மாட்டினால் முதலில் உடைகிற போல்ட் எது, அது எத்தனை கையிருப்பில் வேண்டும்.

"இரும்பு போல்ட் போட்டுட்டா உடையவே உடையாதுல்ல தவுக்கே?" என்றேன்.

"போடு லா. போல்ட் உடையாது, கியர்பாக்ஸ் உடையும். உன்னைய மாதிரி ஒருத்தன் இருந்தா எனக்கு மாசாமாசம் வேலை இருக்கும்."

கடைசிக் கேள்வி, முன்னாலா பின்னாலா. தவுக்கே விரலை மடக்கினார். "பின்னாடி மாட்டுனா சுலபம். என்ஜின்லேருந்து வர்ற தண்டு பின்னாடியே இருக்கு, நேரா சொருகிடலாம். ஆனா ரிவர்ஸ்லயே ஓட்டணும், கழுத்து போயிரும். முன்னாடி மாட்டுனா பாத்து ஓட்டலாம். ஆனா அடியில சட்டம் அடிக்கணும், தண்டுக்கு வேற வழி பண்ணணும்."

அக்கா சேகர் அண்ணனைப் பார்த்தார். "நீதான் ஓட்டப்போற. சொல்லு."

"எதுனாலும் சரிதான் அக்கா."

"கழுத்து யாரோடது, என்னுதா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நான்தான் புகுந்து, "பின்னாடியே மாட்டுங்க தவுக்கே, அண்ணன் எப்பவும் போன காலத்தையே பாக்குற ஆளு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படி ஒரு கிண்டலில் முடிவாயிற்று.

அந்தப் பலகையில் பதினாலு கேள்விகள் இருந்தன. எல்லாம் சரியான கேள்விகள். இன்றைக்கும் அந்தப் பையனுக்கு அவற்றை அப்படியே அனுப்பலாம்.

பின்னால் மாட்டிய துப்பியை ஓட்டும் விதம் வினோதமானது. உடம்பு முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும், தலை மட்டும் முழுக்கத் திரும்பியிருக்கும். வண்டி பின்னோக்கிப் போகும். இடுப்பைத் திருப்ப எழுந்தால், இருக்கைக்கு அடியில் இருக்கும் சுவிட்ச், ஆள் இறங்கிவிட்டார் என்று நினைத்து என்ஜினை அணைத்துவிடும். ஒரு காலையில் பத்து தடவை அணைந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சாவியைத் திருப்பினார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சின்னக் கம்பியை எடுத்து அந்தச் சுவிட்சின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். இனி ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்ஜின் ஓடும். "இப்ப நீங்க எந்திரிச்சு டான்ஸ் ஆடினாலும் நிக்காதுண்ணே" என்றேன். அக்காவிடம் சொல்லவில்லை.

முன்பு அரை மணி நேரம் ஓடிய வண்டி இப்போது இரண்டரை மணி நேரம் ஓடியது. என்ஜின் முழு வேகத்தில் ஓடும். பனிக்கூடத்தில் சத்தம் வேறு மாதிரி. வெளியே இருக்கிற மாதிரி பரவாது, பனி அதைக் குடித்துவிடும். வண்டி இருபது அடி தள்ளிப் போனாலே யாரோ போர்வைக்குள் முனகுகிற மாதிரிதான் கேட்கும். விளக்கு நீலம். நிழல் விழாது. மேலே குழாயில் நிர்வாகம் பைன் மர வாசனை கலந்து விடும். பைன் மரத்தை நேரில் பார்க்காத எங்களுக்கு அது சாவு வீட்டு ஊதுபத்தி மாதிரி இருந்தது. அதற்கு மேல் வேறு எந்த வாசனையும் ஏறாது.

மூன்றாவது வாரம் அண்ணன் கேட்டார். "டேய் மணி, நான் ஓட்டுறப்ப முன்னாடி வந்து நிக்காதடா."

"நான் எங்கண்ணே நின்னேன்? மண்வெட்டியோட கீழ இருந்தேன்."

"பின்ன யாரு?"

தலை பின்பக்கம் திரும்பியிருப்பதால் அவரால் முன்பக்கத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத அந்த இடத்தில் ஒருத்தர் நிற்கிறார் என்றார். திரும்பினால் இல்லை. மறுபடி வேலையைப் பார்த்தால் இருக்கிறார். சும்மா நிற்கிறார், ஒன்றும் செய்வதில்லை. நான் விடுவேனா. தினமும், "உங்க ஆளு வந்துட்டாரா? பசியாறிட்டாரா? பால் ஊத்தாத தே ஓ வாங்கி வைக்கட்டுமா?" என்று கேட்டேன். அண்ணனும் சிரிப்பார். ஆனால் நெற்றியைப் பிடித்துக்கொண்டே சிரிப்பார். தலைவலி. வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பார். வெளியே வந்து அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் சரியாகிவிடும்.

"வீட்ல இருந்தா ஒண்ணும் இல்லடா. லீவு நாள்ல நல்லாத்தான் இருக்கேன். உள்ள போனா வருது" என்றார் ஒருநாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "உள்ளதான் இருக்கு அது."

அப்போது அது எங்களுக்குத் தெளிவான சாட்சியாகப் பட்டது. வீட்டில் இல்லை, வெயிலில் இல்லை, உள்ளே மட்டும் இருக்கிறது என்றால் அது என்ன. எங்கள் பேச்சில் அதற்கு ஒரு சொல்தான் இருக்கிறது. சேகர் அண்ணன் அதைச் சொன்னார். "எனக்குக் காத்து பட்டிருக்குடா."

சின்ன வயதில் நம்மில் யாருக்குத்தான் காத்து படவில்லை. புளியமரத்துக் காத்து, சுடுகாட்டுக் காத்து, மத்தியானக் காத்து. காத்து கருப்பு என்று சேர்த்தே சொல்வோம். அவர் சொன்னதும் எனக்கு வேறு எந்த அர்த்தமும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் எனக்கே நடந்தது. வேலை முடிந்து இருவரும் வெளியே வந்தோம். நான் என் சீட்டைத் திருப்பினேன், அண்ணன் அவருடையதைத் திருப்பினார். நான் கதவை மூடவில்லை. கையால் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஜமிலா அக்கா மேசையிலிருந்து நிமிர்ந்தார். "கதவ ஏன்டா புடிச்சிருக்க? குளிரு போவுது."

"அவரு வர்றாருக்கா."

"யாரு?"

நான் வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. யாரோ எங்கள் பின்னால் நடந்து வந்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவருக்கு வழி விட்டுத்தான் நின்றேன். உள்ளே பார்த்தேன். நீல வெளிச்சம், வண்டி, வெட்டிய பனியில் எங்கள் இரண்டு பேருடைய காலடி. அக்கா வந்து என் கையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கிண்டலா?"

"இல்லக்கா."

நான் கிண்டல் இல்லை என்று சொன்னதை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.

அன்றைக்கே அக்கா முடிவெடுத்தார். கழுத்தைத் திருப்பி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றத்தான் செய்யும், ரத்த ஓட்டம் கெடும், கண்டதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்றார். துப்பியை முன்னால் மாற்றச் சொன்னார். நியாயமாகத்தான் இருந்தது. அண்ணனும் சந்தோசப்பட்டார். முன்னால் பார்த்து ஓட்டினால், முன்னால் நிற்கிறவர் நிற்க முடியாது இல்லையா.

தவுக்கே அடியில் இரும்புச் சட்டம் அடித்தார், தண்டுக்கு வழி செய்தார். முன்பக்கம் பக்கவாட்டில் கீழே இருந்த புகைக்குழாய் சட்டத்தில் இடித்தது. அதை வெட்டி, மேல்நோக்கித் திருப்பி, ஓட்டுநர் முகம் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தார். "எப்படி இருக்கு? பெரிய லாரி மாதிரி இருக்குல்ல?" என்றார். நான் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. துப்பி அழகாக வேலை செய்தது, வெள்ளை வில் மாதிரி பனி மேட்டில் போய் விழுந்தது. மூன்றாம் நாள் அண்ணன் வண்டியிலிருந்து இறங்கியதும் பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப முன்னாடி நிக்கலடா."

"பாத்தீங்களா, போயிட்டாரு."

"இல்ல. பக்கத்துல உக்காந்திருக்காரு."

அந்த வண்டியில் ஒரு இருக்கைதான். நான் கிண்டல் பண்ணவில்லை. எனக்கும் தலை இடித்துக்கொண்டிருந்தது, காதில் மணி அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன்.

அக்கா அண்ணனை டாக்டரிடம் போகச் சொன்னார். போனார். வெயிலில் பஸ்ஸுக்குக் காத்திருந்து, காற்றாட வண்டியில் போய், ஒரு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்து, டாக்டரைப் பார்க்கும்போது அவருக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் தலைவலி மாத்திரை கொடுத்தார்.

அண்ணன் வேலையை விடமுடியாது என்றார். விட்டால் லாபிஸில் செம்பனை வெட்டத்தான் போகவேண்டும், அவருக்கு முதுகு சரியில்லை. அப்படியென்றால் காத்தைத்தான் போகச் சொல்ல வேண்டும். உள்ளே சாம்பிராணி போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"நெருப்பு உள்ள போகாது. சட்டம்."

"மத வித்தியாசம் பாக்காதீங்கக்கா."

"முடிச்சிட்டியா? எங்க வீட்லயும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம்டா. எல்லா சன்னலயும் தொறந்து வச்சிட்டுத்தான் போடுவோம். இங்க சன்னல் எங்க இருக்கு?"

மறுநாள் காலை ஜாக்கெட்டுக்குள் தூபக்காலை மறைத்து எடுத்துப்போனேன். தேங்காய்த் தொட்டியைக் கொளுத்தி, கங்கில் சாம்பிராணியைத் தூவி, கூடம் முழுக்கக் காட்டினேன். அண்ணன் மேட்டின் உச்சியில் ஓட்டிக்கொண்டிருந்தார். புகை மேலே போகவில்லை. குளிரில் அது எழ முடியாமல் முழங்கால் உயரத்தில் தட்டையாகப் படுத்து, மெதுவாக அகன்றது. அதன் மேலே நான் முழங்காலுக்கு மேல் மட்டும் இருக்கிற ஆள் மாதிரி இருந்தேன். அந்தப் புகைக்குள் ஒரு இடம் மட்டும் விலகி விலகி நகர்ந்தது, யாரோ நடக்கிற மாதிரி. நான் பார்த்தேன். இன்றைக்கும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். வண்டியை நோக்கிப் போனது.

தூபக்காலைப் பனியில் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். என் சீட்டைத் திருப்பப் பார்த்தேன், ஆணியில் மாட்டவில்லை. மூன்று தடவை தவறவிட்டேன். அக்கா எழுந்து வந்தார்.

"என்னடா வாசம்?"

"சாம்பிராணிக்கா."

"சேகர் எங்க?"

"உள்ள. துணைக்கு ஆளு இருக்கு."

எனக்கு நாக்கு குழறியது. அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "தலை வலிக்குதா?"

"ஆமா."

"அவனுக்கு?"

"அவருக்கும்தான். தினமும் சேந்துதான் வரும்."

"வெளிய வந்தா?"

"போயிரும்."

அக்கா என் முகத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சாதாரணக் குரலில் சொன்னார். "மெர்சிங்ல ஒரு மீன் படகு. மீன் அறைக்குள்ள தண்ணி இறைக்க பெட்ரோல் பம்ப கீழ எறக்கி ஓட்டுனாங்க. உள்ள போன ரெண்டு பேரும் தூங்குற மாதிரி கெடந்தாங்க. முகமெல்லாம் நல்லா சிவப்பா, உயிரோட இருக்கிற மாதிரி." பிறகு, "காத்துதான்டா இது. நெசமாவே காத்து" என்றார்.

அதுவரை அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சுவரில் இருந்த விசிறிச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் தட்டிவிட்டார். முன்கதவை முழுக்கத் திறந்து ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். என்னை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போய், பெரிய இரும்புக் கதவின் பொத்தானை அழுத்தினார். அது மெல்ல மேலே ஏறியது. இரண்டு கதவும் திறந்திருந்தன. பதினோரு வருடத்தில் நான் பார்க்காத காட்சி.

வெயிலோடு ஈரக்காற்று உள்ளே பாய்ந்தது. ஒரே நொடியில் கூடம் வெள்ளையானது. கூரை இல்லை, மேடு இல்லை, விளக்கு இல்லை. சுவர் மாதிரி வெள்ளை வெளியே புரண்டு வந்து சிமெண்டுத் தரையில் வழிந்தது. அதற்குள் எங்கோ என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. துப்பியும் சுற்றிக்கொண்டிருந்தது. பனி இல்லாத இடத்தில் அது சுற்றுகிற சத்தம் எனக்குத் தெரியும், வெறும் வாய் மெல்லுகிற சத்தம்.

"ஏன் நிக்கல?" என்றார் அக்கா. "அவன் விழுந்திருந்தா சீட்டுலேருந்து ஆளு எறங்குனதும் அணைஞ்சிருக்கணுமே. அப்ப உக்காந்துதான் இருக்கானா?"

"அணையாதுக்கா. நான் கம்பி கட்டிட்டேன்."

அவர் திட்டவில்லை. சரக்கு கட்டுகிற கயிற்றைத் தன் இடுப்பில் கட்டினார், மறு நுனியை என் கையில் கொடுத்தார். "நீ உள்ள வராத. ஏற்கனவே அந்தக் காத்தக் குடிச்சிருக்க. நான் ரெண்டு தடவ இழுத்தா நீ இழு. இழுக்காம நின்னுட்டா, அப்பவும் இழு." ஒரு பிளாஸ்டிக் சறுக்குத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, வெள்ளைக்குள் போனார். மூன்று எட்டு வைத்ததும் ஆள் இல்லை. கயிறு மட்டும் என் விரல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னால் சாமான் லாரிகள் நின்றன. யாரோ பசியாறிக்கொண்டிருந்தார்கள், நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்று வாசனை வந்தது. முன்னால் அந்த வெள்ளை. கயிறு நின்றது. எண்ணத் தொடங்கினேன், எண்ண வரவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. அக்கா குரல் இல்லை. அண்ணன் குரலும் இல்லை. யாரோ ஒருத்தர், அவசரமே இல்லாமல், ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன வார்த்தை என்று பிடிபடவில்லை.

என்ஜின் நின்றது. அந்த அமைதி சத்தத்தைவிட மோசம். பிறகு கயிறு இரண்டு தடவை துடித்தது.

இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. முதலில் அக்காவின் முதுகு தெரிந்தது, பிறகு தட்டில் சுருண்டு கிடந்த சேகர் அண்ணன். முகம் நல்ல சிவப்பு. கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி அழகாக இருந்தார். அக்கா அவரை வெயிலுக்கு இழுத்துப்போட்டு, ஜாக்கெட்டைக் கிழித்துத் திறந்து, மார்பில் காது வைத்தார். "இருக்கான். ஆம்புலன்ஸ்."

நான் கூப்பிட்டு முடித்ததும் அவர் முழங்காலில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "உள்ள வராதன்னு சொன்னேன்ல."

"வரலக்கா."

"பின்னாடிலேருந்து தட்டத் தள்ளுனது யாரு? மேட்டுலேருந்து நான் இழுக்கவே வேணாம், தள்ளிக்கிட்டே வந்த."

நான் உரிந்த என் கையைக் காட்டினேன். கயிறு அதில் ஒட்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி வெள்ளையைப் பார்த்தார். "எறக்கம்" என்றார். "தானா சறுக்கியிருக்கும். நானும் ரெண்டு நிமிசம் குடிச்சிருக்கேன்." அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சேகர் அண்ணன் பிழைத்தார். இரண்டு நாள் மூக்கில் ஆக்சிஜனோடு கிடந்தார். என்ஜின் புகையில் இருக்கும் ஒரு வாயு ரத்தத்தில் புகுந்துகொண்டு மூச்சுக்காற்றை ஏறவிடாது, மணமும் கிடையாது நிறமும் கிடையாது, தலைவலி வரும், இல்லாத ஆள் தெரியும், பிறகு தூக்கம் வரும் என்று அங்கிருந்த டாக்டர் எங்களுக்கு விளக்கினார். பெட்ரோல் வண்டியைக் கதவு சாத்திய கூடத்தில் ஓட்டினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றோம். எத்தனை நாள் என்றார். நான் விரல்விட்டு எண்ணினேன், விரல் பத்தவில்லை.

பனி முழுக்க வீணானது. கூடம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அக்கா தன் கையாலேயே அறிக்கை எழுதினார். விசிறியை நிறுத்தி வைக்கச் சொன்னது தான் என்று முதல் வரியில் எழுதினார். என் கம்பியையும் எழுதினார், சாம்பிராணியையும் எழுதினார், குழாயைத் திருப்பியதை யாரும் யோசிக்கவில்லை என்பதையும் எழுதினார். நான் மருத்துவமனையில் அண்ணனிடம் கம்பியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், "இல்லன்னா கழுத்து போயிருக்கும்" என்றார். அவரைத் திருத்தவே முடியாது.

ஆகவே வடக்கே இருக்கிற தம்பிக்கு. முன்னால் மாட்டு, ஓட்டுகிறவனுக்குக் கண் இருக்கிற பக்கம் அதுதான். உருளை சக்கரத்தைவிட அகலமாக இருக்கட்டும். உடைகிற போல்ட்டை உடைய விடு. இருக்கைச் சுவிட்சில் கை வைக்காதே, அது வண்டியை அணைத்து உன்னைக் கடுப்பேற்றினால் கடுப்போடு உயிரோடு இரு. ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதலில் உன் பாஸிடம் போய், இந்த வண்டி விடுகிற காற்று எங்கே போகும் என்று கேள். அவர் யோசித்தால் அந்த வண்டியே வேண்டாம். மின்சாரத்தில் ஓடுகிற டிராக்டர் வரும்வரை மண்வெட்டி போதும். உள்ளே இரண்டு பேருக்குச் சேர்ந்து தலை வலித்தால் சாமி கும்பிடு, தப்பில்லை. வெளியே வந்து கும்பிடு.

எங்களுக்கும் கடைசியில் மின்சார டிராக்டர்தான் வந்தது. அதில் நான் சில மாதம் ஓட்டினேன். புகை இல்லை, சத்தம் இல்லை, தலைவலி இல்லை. முன்னால் யாரும் நிற்கவில்லை, பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூடம் வெறும் கூடமாக இருந்தது. அந்த வெறுமை எனக்கு ஒத்துவரவில்லை, கதவு சாத்தினாலே நெஞ்சு அடைத்தது. அப்படித்தான் ஓய்வு வாங்கினேன்.

நான் விலகிய நாளில் சேகர் அண்ணன் தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தார். உள்ளே வரமாட்டேன் என்று கதவுக்கு வெளியேயே நின்றார். இப்போதும் சில பெயர்கள் அவருக்கு உடனே வருவதில்லை. நான் கதவைத் திறந்து புது வண்டியைக் காட்டினேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, மேட்டையும் மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இப்ப யாரும் இல்லையாடா?"

"இல்லண்ணே. அது வெறும் காத்துன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"ஆமா, சொன்னாரு." குளிர் அவர் முகத்தில் அடித்தது. பிறகு ரொம்ப அக்கறையாக, சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார்.

"பாவம். எங்கடா போயிருப்பாரு?"